டோக்கியோ ராமென் கடைகளில் விரைந்து உண்டு எழுவது: விருந்தோம்பலில் குறையா, உணவின் இயல்பா?

வடகரை (இந்த விவாத இழையைத் தொடங்கியவர்)

டோக்கியோவுக்கு வந்து போகும் நம்மவர்கள், சூடான சூப்பில் நூடுல்ஸ் இட்டுத் தரும் ராமென் கடைகளைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். வெயிலிலும் குளிரிலும் தெருவோரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வாசலில் உள்ள இயந்திரத்தில் பணத்தைப் போட்டுத் தாமே சீட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போனால் தோளோடு தோள் உரசும் கவுண்டரில் முதுகு சாயவும் வழியில்லாத முக்காலி. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அண்மையில் ஷின்ஜுகுவில் என்னோடு சாப்பிட்ட மைத்துனர் சுவையில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்ததும், "காசையும் கொடுத்துவிட்டு அவசர அவசரமாக எழுந்து வர வேண்டுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இங்கே வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைகளில் வாடிக்கையாளர் மீதுள்ள அக்கறை முழுவதும் கிண்ணத்தின் வழியாகவே வருகிறது. வேகமும் அதில் சேர்ந்ததுதான். கவுண்டரில் உட்கார்ந்தால் சமையல்காரரின் கைகள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வெறும் கிண்ணத்தை வெந்நீரால் சூடாக்குகிறார். அடியில் 'தாரே' எனப்படும் உப்புச் சாற்றை அளந்து விடுகிறார். அதன்மேல் வாசனை எண்ணெய். நூடுல்ஸ் பதமாவதற்குச் சற்று முன்புதான் கொதிக்கும் சூப்பை ஊற்றுகிறார். கூடைக் கரண்டியை ஓங்கி உதறி நீரை வடித்து, நூடுல்ஸைச் சூப்பில் இறக்கி, நீண்ட சாப்ஸ்டிக்கால் ஒருமுறை தூக்கி மடித்துப் படிய வைக்கிறார். மேலே பன்றி இறைச்சித் துண்டு, மூங்கில் குருத்து, வெங்காயத்தாள், கடற்பாசித் தாள் ஆகியவற்றை அடுக்கி நம் முன்னால் வைக்கும்போது, நீரை வடித்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நொடிக் கணக்குப் பார்த்துச் செய்த உணவை எதிரில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் படம் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தால், அவர் சமைத்த உணவை நாம் உண்ணவில்லை, அது ஆறி ஊறிய பின் மிஞ்சிய வேறொன்றைத்தான் உண்கிறோம் என்பேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுத வேண்டும்.

கோதுமைமணி

வடகரை ஐயா சொல்வதற்கு அந்த நூடுல்ஸே சான்று. கோதுமை மாவு, நீர், உப்பு ஆகியவற்றோடு 'கன்சூய்' என்னும் காரக் கரைசலையும் (அல்கலி; மிளகாய்க் காரம் அன்று) சேர்த்து அந்த மாவைப் பிசைகிறார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் அதன் முக்கியப் பொருட்கள். அந்தக் காரத்தன்மைதான் மாவில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை இறுக்கி நூடுல்ஸுக்குத் துள்ளலைத் தருகிறது. மாவில் இயல்பாக இருக்கும் நிறமிகளை மஞ்சளாக்குவதும் அதுதான். மஞ்சள் நிறத்தைப் பார்த்து எல்லா ராமெனிலும் முட்டை சேர்ந்திருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. பெரும்பாலான கடைகளில் அது கன்சூயின் வேலை.

பதமாக வெந்த இழையின் வெளிப்புறத்தில் நீர் மிகுதியாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். கடிக்கும்போது முதலில் மென்மையும் பிறகு உறுதியும் தெரிவது அதனால்தான். சூடான சூப்பில் கிடக்கக் கிடக்க நீர் உள்ளே பரவி, இழை முழுவதும் ஒரே பதமாகி, அந்தச் சுகம் போய்விடுகிறது. எவ்வளவு கைதேர்ந்த சமையல்காரராலும் இதை நிறுத்த முடியாது.

ஆனால் எல்லா ராமெனுக்கும் ஒரே அவசரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூடுல்ஸ் வெட்டும் பற்களுக்கு எண் உண்டு. 30 மில்லிமீட்டர் அகல மாவுத் தகட்டை எத்தனை இழைகளாக வெட்டுகிறதோ அதுவே அந்த எண். 20 என்றால் இழையின் அகலம் 1.5 மில்லிமீட்டர். ஃபுக்குவோக்காவின் ஹகாதா பகுதியிலிருந்து டோக்கியோவுக்கு வந்த 'டொன்கொட்சு' (பன்றி எலும்புச் சூப்) கடைகளில் 26, 28 போன்ற எண்களில் வெட்டிய மெல்லிய இழைகளே வழக்கம்; மாவிலும் நீர் குறைவு. அது மிக விரைவாக ஊறிவிடும். அதனால்தான் அங்கே முதலில் குறைந்த அளவே தருகிறார்கள்; சூப் மீதமிருக்கும்போது 'காயெதாமா' என்று கேட்டால் புதிதாக வெந்த ஒரு பிடி நூடுல்ஸ் கிண்ணத்தில் வந்து விழும். எவ்வளவு உறுதியாக வேண்டும் என்பதையும் சொல்லலாம். மாறாக, வட ஜப்பானின் சப்போரோ நகரப் பாணியில், மிசோ என்னும் புளித்த சோயா விழுது சேர்த்த ராமெனில் இழை தடித்துச் சுருண்டிருக்கும், சூப்பின் மேல் பன்றிக் கொழுப்பு ஒரு படலமாக மிதந்து சூட்டை விடாமல் காக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகவே உண்ணலாம். உண்மையில் நிதானமாகத்தான் உண்ண முடியும், அவ்வளவு சூடு.

தென்றல்வீடு

இருவரும் எழுதியவற்றை மறுக்கவில்லை. ஆனால் நூடுல்ஸ் ஊறிவிடும் என்பது, உண்ணும் நேரத்துக்குத்தான் காரணமாகும். முக்காலியின் உயரத்துக்கும், வரிசை தெருவில் நிற்பதற்கும், பிள்ளைகளோடு வந்தவர்களை வாசலிலேயே தயங்க வைப்பதற்கும் அது காரணமாகாது. என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, மூட்டுவலியும் உண்டு. இகெபுகுரோவில் ஒரு சிறிய கடையில் அவர் அந்த முக்காலியில் ஏறி அமரவே சிரமப்பட்டார். பின்னால் சுவரோரம் நின்று காத்திருந்தவர்களின் முழங்கை அவர் முதுகில் படும் அளவுக்கு இடம் குறுகலாக இருந்தது. யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. ஆயினும் அவரால் பாதிக்கு மேல் உண்ண முடியவில்லை.

உணவின் மீது அக்கறை காட்டுவது பெரிது. ஆனால் அந்த அக்கறை, கால் வலுவுள்ளவருக்கும் தனியாக வருபவருக்கும் மட்டுமே கிடைக்கும் என்றால், வடகரை ஐயாவின் மைத்துனர் கேட்ட கேள்வி நியாயமானதே என்பது என் எண்ணம்.

மெகுரோவாசி

மாணவனாக இருந்த காலத்தில் டோக்கியோவில் ஒரு ராமென் கடையில் பகுதிநேர வேலை பார்த்தவன் என்ற முறையில், கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய கடைகளில் பெரும்பாலும் எட்டு முதல் பத்து இருக்கைகள் இருக்கும். வேலைக்கு இரண்டு பேர், சில இடங்களில் ஒருவர் மட்டுமே. ராமென் தொழிலில் 'ஆயிரம் யென் சுவர்' என்று நெடுங்காலமாகச் சொல்லுவார்கள். ஒரு கிண்ணத்தின் விலை 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் பின்வாங்கிவிடுவார் என்ற அச்சம் அது. மாவு, இறைச்சி, எரிவாயு, கூலி எல்லாம் ஏறிய பிறகு பல கடைகள் அந்தச் சுவரைத் தாண்டிவிட்டன. தாண்ட முடியாமல் மூடியவையும் உண்டு. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுக்கும் சூப்பையும், பல மணி நேர உழைப்பையும் அந்த விலைக்குள் அடக்க வேண்டுமென்றால், ஒரே இருக்கையில் மதிய வேளைக்குள் பலர் அமர்ந்து எழ வேண்டும். வேறு வழியே இல்லை. மேசை போட்டால் இருக்கை பாதியாகும். அப்போது விலையைக் கூட்ட வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பல கடைகளில் நூடுல்ஸை ஒவ்வொரு கிண்ணமாக வேக வைப்பதில்லை. நான்கைந்து பேருக்கானதை ஒரே தொகுதியாகக் கொதிநீரில் போடுகிறார்கள். அந்தத் தொகுதிக்குரியவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உண்டு எழுந்தால்தான் அடுத்த தொகுதியைப் போட முடியும். ஒருவர் மட்டும் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தால், வெளியே நிற்பவர் ஒருவர் காத்திருப்பதோடு முடிவதில்லை. அடுப்பின் ஒழுங்கே குலைந்துவிடும். மிதாவில் கெயோ பல்கலைக்கழகத்துக்கு அருகே உள்ள ராமென் ஜிரோவிலும், அதன் வழிவந்த கடைகளிலும் இந்த ஒழுங்கு மிகக் கண்டிப்பானது. அங்கே சமையல்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: பூண்டு போடட்டுமா? அந்தக் கணத்தில் பூண்டு, காய்கறி, கொழுப்பு ஆகியவை எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். பரிமாறப்படும் அளவு மிகப் பெரியது என்பதால், முதன்முறை செல்வோர் நூடுல்ஸைக் குறைத்துத் தரும்படி முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

சீட்டு இயந்திரத்தைப் பற்றி இரண்டு சொல். சமைக்கும் கை பணத்தைத் தொடாமல் இருக்கவும், கணக்குப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டாம் என்பதற்காகவும் வந்தது அது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாவிட்டால், மேல் வரிசையில் இடதுகோடியில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் தலையாய ராமென்; அதை அழுத்தினால் போதும். பழைய இயந்திரங்கள் 1,000 யென் தாளையும் நாணயங்களையும் மட்டுமே ஏற்கும். 2024 ஜூலை 3 அன்று புதிய தாள்கள் வந்தபோது இயந்திரத்தை மாற்றும் செலவு சிறிய கடைகளுக்குப் பெரும் சுமையானது. அதனால் கையில் 1,000 யென் தாள்கள் சில வைத்திருப்பது இன்றும் நல்லது. காட்டிய விலைக்கு மேல் எதுவும் தர வேண்டியதில்லை. அன்பளிப்புக் காசு வைக்கும் பழக்கம் இங்கே கிடையாது.

வரிசை தெருவில் நிற்பது கடைக்காரருக்கும் தலைவலிதான். அண்டை வீட்டார் முறையிடுவார்கள். 2015 டிசம்பரில் மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற முதல் ராமென் கடையாகிய, அப்போது சுகாமோவில் இருந்த ட்சுதா, கூட்டத்தைத் தாங்க முடியாமல், காலையிலேயே 1,000 யென் முன்பணம் பெற்றுக்கொண்டு நேரம் குறித்த சீட்டு கொடுத்தது. சொன்ன நேரத்துக்கு வந்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். காத்திருப்பவரைத் தெருவில் நிற்க வைக்காமல் இருக்க ஒரு சிறிய கடையால் முடிந்தது அது.

வெண்ணிலா

நான் சைவ உணவு மட்டும் உண்பவள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த வேகம் வேறு விதத்தில் தடையாக இருக்கிறது. இயந்திரத்திடம் கேள்வி கேட்க முடியாது. பின்னால் பத்துப் பேர் நிற்க, பொத்தானில் உள்ள ஜப்பானிய எழுத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, உள்ளே போய்ச் சூப்பில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பது எளிதல்ல. மேலே வைக்கும் இறைச்சியை நீக்கச் சொன்னால் போதும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள்; அது தவறான அறிவுரை. சூப் பன்றி அல்லது கோழி எலும்பில் எடுத்தது. தாரேயில் உலர்மீன் சாறு சேர்ந்திருக்கக்கூடும். வாசனை எண்ணெய் விலங்குக் கொழுப்பாக இருக்கலாம். 'காய்கறி ராமென்' என்று பெயர் இருந்தாலும் மேலே காய்கறி மிகுதி என்றுதான் பெரும்பாலும் பொருள்.

ஆகவே நான் போவது இதற்கென்றே உள்ள கடைகளுக்கு மட்டும். டோக்கியோ ரயில் நிலையத்தின் உள்ளே, கெய்யோ தெரு என்னும் கடைப்பகுதியில் 'டீஸ் தன்தன்' இருக்கிறது. முழுவதும் தாவர உணவு. எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துச் சேர்த்த தன்தன் நூடுல்ஸ் அங்கே சிறப்பு. டிக்கெட் வாயிலுக்கு உள்ளே இருப்பதால் ரயில் ஏறும்போதோ மாறும்போதோ போவது வசதி. அஃபுரி கடைகளிலும் தாவர உணவாக ஒரு ராமென் உண்டு.

எலும்பு இல்லாமல் சூப்பில் என்ன சுவை இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: கொம்பு என்னும் கடற்பாசியில் குளூட்டமேட் மிகுதி என்பதை 1908இல் வேதியியலாளர் கிகுனாயே இகெதா கண்டறிந்தார். கட்சுவோபுஷி என்னும் உலர்மீனில் உள்ள இனோசினேட் அதோடு சேரும்போது சுவை பல மடங்கு பெருகுகிறது. உலர்ந்த ஷீதாகே காளானில் உள்ள குவானிலேட்டுக்கும் அதே ஆற்றல் உண்டு. கொம்பையும் காளானையும் சேர்த்துப் பொறுமையாக எடுத்த சூப்புக்கு எலும்புச் சூப்பின் கனம் இருக்காது, ஆழம் இருக்கும்.

ஹலால் வேண்டுவோருக்கு அசாகுசாவில் நரிதாயா இருக்கிறது.

இரவுரயில்

நிதானமாக உண்ண விரும்புவோர் ட்சுகெமெனை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். நூடுல்ஸை வேக வைத்துக் குளிர்நீரில் அலசித் தனித் தட்டில் வைப்பார்கள். சூடான அடர்ந்த சாறு தனிக் கிண்ணத்தில் வரும். தொட்டுத் தொட்டு உண்ண வேண்டும். நூடுல்ஸ் சூப்பில் கிடப்பதே இல்லை என்பதால் ஊறிப்போகும் கவலையும் இல்லை. நகானோவின் தைஷோகென் கடையில் பணியாளர்கள் உண்டுவந்த முறையை மெருகேற்றி, 1955இல் வாடிக்கையாளருக்கு விற்கத் தொடங்கியவர் கசுவோ யமகிஷி; பின்னர் 1961இல் கிழக்கு இகெபுகுரோவில் தம் கடையைத் திறந்து, எண்ணற்ற சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 2015இல் மறைந்தார்.

ட்சுகெமெனில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. நூடுல்ஸ் தீர்ந்ததும், எஞ்சிய சாற்றில் 'சூப் வாரி' கேட்கலாம். சூடான தெளிந்த சூப்பைச் சிறிது ஊற்றித் தருவார்கள். அதுவரை வாயைக் கட்டும் உப்போடு இருந்த சாறு தளர்ந்து, மீனின் மணமும் நாரத்தை வகையான யூசுவின் மணமும் அப்போதுதான் மேலே எழும். அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக் குடிக்கும் இரண்டு நிமிடத்தில் யாரும் யாரையும் அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை.

தனிவழி

தனியாக உணவகத்துக்குப் போகத் தயங்கும் பெண்களுக்கு இந்தக் கடைகள் எவ்வளவு பெரிய உதவி என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். இச்சிரான் என்னும் ராமென் கடையில் இருக்கைக்கு இருக்கை தடுப்புப் பலகை இருக்கிறது. சூப்பின் அடர்த்தி, பூண்டு, காரம், நூடுல்ஸின் உறுதி எல்லாவற்றையும் ஒரு தாளில் வட்டமிட்டுக் கொடுத்தால் போதும். கிண்ணத்தை வைத்தவர் குனிந்து வணங்கி, எதிரில் உள்ள மூங்கில் திரையை இறக்கிவிடுகிறார். அவருடைய முகம்கூடத் தெரியாது. யாரும் என்னைப் பார்க்காத, யாரிடமும் பேசத் தேவையில்லாத அந்த இடத்தில் நான் முழுமையாக மதிக்கப்பட்டதாகவே உணர்ந்தேன்.

கோதுமைமணி

உடல்நலம் பற்றி ஒரு சொல். சூப் முழுவதையும் குடித்தால்தான் சமையல்காரருக்கு மரியாதை என்று சிலர் எண்ணிக்கொண்டு வருத்தி வருத்திக் குடிக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் சூப்போடு சேர்த்து 5, 6 கிராம் உப்பு இருப்பது சாதாரணம். ஜப்பான் சுகாதார அமைச்சகம் வயது வந்த ஆண்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 7.5 கிராமுக்கும், பெண்களுக்கு 6.5 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. உப்பின் பெரும்பகுதி சூப்பில்தான். சூப்பை மீதம் வைப்பதை இங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. நூடுல்ஸை மீதம் வைப்பதுதான் சங்கடம்.

உறிஞ்சும் ஓசை பற்றிக் கூச்சப்படுபவர்களுக்கும் சொல்கிறேன்: நூடுல்ஸோடு காற்றும் சேர்ந்து போவதால் சூடு தணிகிறது, மணம் மூக்கின் பின்புறம் வரை எட்டுகிறது. ஓசையில்லாமல் உண்பதும் தவறில்லை.

வடகரை

எல்லோருக்கும் நன்றி. தென்றல்வீடு அவர்களின் வாதம் வலுவானது. கிண்ணத்தின் மீதான அக்கறை, உண்பவரின் முழங்காலுக்கு ஈடாகாது. மெகுரோவாசி சொன்ன விலைக் கணக்கு அந்தக் குறைக்குக் காரணத்தைக் காட்டுகிறது, குறையைப் போக்கவில்லை. ஆனாலும், பத்து இருக்கைக் கடையைப் பார்த்து அது மேசை உணவகமாக இல்லையே என்று வருந்துவதைவிட, யாரோடு போகிறோம் என்று பார்த்துக் கடையைத் தேர்வதே சரி என்று இன்னும் கருதுகிறேன். முதியவர்களோடும் பிள்ளைகளோடும் செல்பவர்களுக்கு இப்புதோ போன்ற, மேசையுள்ள பெரிய கடைகள் நகரமெங்கும் இருக்கின்றன. சுவையிலும் குறை சொல்ல முடியாது. சிறிய கடைக்கே போக வேண்டுமென்றால் கதவு திறப்பதற்குச் சற்று முன்னதாகப் போவது உத்தமம். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும். ஆனால் பல கடைகள் மூன்று மணிவாக்கில் மூடி மாலையில்தான் மறுபடி திறக்கும், சூப் தீர்ந்துவிட்டால் அதற்கு முன்பே அடைத்துவிடுவார்கள்.

மைத்துனரின் கேள்விக்கும் இப்போது என்னிடம் விடை இருக்கிறது. அன்று மாலை ஆற அமரப் பேசிக்கொண்டே உண்ண வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு ஒரு இசகாயா மதுக்கூட உணவகத்துக்கு அழைத்துப் போயிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

புதியவன்

நானும் மனைவியும் ஆறு வயது மகளும் அடுத்த மாதம் டோக்கியோ செல்கிறோம். மூவருமாக இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாமா? ஒருவர் மட்டும் வரிசையில் நின்று, மற்ற இருவரும் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாமா?

மெகுரோவாசி

சிறிய கடைகளில் ஓர் இருக்கைக்கு ஒரு கிண்ணம் என்பது விதி; வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். பெரியவர்கள் இருவர் ஒரு கிண்ணத்தைப் பகிர்வதை ஏற்கமாட்டார்கள். சிறு குழந்தைக்குப் பல கடைகளில் விலக்கு உண்டு. சீட்டைக் கொடுக்கும்போதே கேட்டால் சிறு கிண்ணமும் முட்கரண்டியும் தருவார்கள். சில கடைகள் குழந்தைகளை அனுமதிப்பதே இல்லை, அதுவும் வாசலில் இருக்கும். ஒருவர் நின்று மற்றவர்களுக்காக இடம் பிடிப்பதைப் பெரும்பாலான கடைகள் தடை செய்கின்றன. மூவரும் சேர்ந்தே நில்லுங்கள். சீட்டை வரிசையில் சேரும் முன் வாங்குவதா, அழைத்த பின் வாங்குவதா என்பது கடைக்குக் கடை மாறும். முன்னால் நிற்பவர் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். உண்டு முடித்ததும் கிண்ணத்தை எதிரே உள்ள உயர்ந்த தட்டில் தூக்கி வைத்து, அங்கிருக்கும் துணியால் உங்கள் இடத்தைத் துடைத்துவிட்டு, 'கொச்சிசோசமா' (விருந்துக்கு நன்றி) என்று சொல்லி வாருங்கள். உள்ளே எவ்வளவு கைவேலை இருந்தாலும் சமையல்காரர் நிமிர்ந்து நன்றி சொல்லுவார்.